தொடக்கப் பள்ளிச் செய்தித்தாள்: குழந்தைகள் நடத்தும் இதழின் வரலாறும் நடைமுறையும்

தொடக்கப் பள்ளிச் செய்தித்தாள் என்பது ஆறு முதல் பதினொரு வயது வரையுள்ள குழந்தைகள் செய்தி திரட்டி, எழுதி, படம் வரைந்து, பக்கம் அமைத்து, தம் பள்ளிக்கும் ஊருக்கும் தவறாமல் வெளியிடும் இதழ். அது அச்சிட்டதாக இருக்கலாம், கையெழுத்துப் பத்திரிகையாக இருக்கலாம், வகுப்புச் சுவரில் ஒட்டிய ஒரே தாளாகவும் இருக்கலாம். எழுதுபவர் குழந்தை, இதழ் சொன்ன நாளில் வரும், வகுப்புக்கு வெளியே அதைப் படிக்க ஆள் உண்டு என்ற மூன்றும் அமைந்தால்தான் அது செய்தித்தாள்.

குழந்தைகளுக்காகப் பெரியவர்கள் நடத்தும் இதழ்கள் வேறு வகை. ஆர்தர் மீ 1919இல் லண்டனில் தொடங்கி 1965 வரை வந்த ‘சில்ட்ரன்ஸ் நியூஸ்பேப்பர்’, தமிழில் 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’, 1972இல் தொடங்கிய ‘கோகுலம்’ ஆகியவை குழந்தைகளை முதன்மையாக வாசகர்களாகக் கருதின. பள்ளி ஆண்டு மலரும் இதில் சேராது. ஆண்டுக்கு ஒருமுறை, வாழ்த்துரைகளுக்குப் பின்னால், தேர்ந்தெடுத்த சில பிள்ளைகளின் கட்டுரைகளைத் தாங்கி வரும் மலர் ஒரு நினைவுப் பொருள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறளுக்கும் பழமொழிக்கும் அடுத்து ஒரு மாணவர் செய்தி வாசிப்பது நல்ல பழக்கம்; ஆனால் அது நாளிதழிலிருந்து எழுதிவந்த, பிறர் திரட்டிய செய்தி. அதே மாணவர் பள்ளியின் கிணற்றடியில் நேற்று நடந்ததைக் கேட்டறிந்து எழுதி வாசித்தால், செய்தித்தாள் அங்கே தொடங்கிவிடுகிறது.

பள்ளிக்குள் அச்சகம் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் செயலுக்கு வந்தது. பிரான்சில் சாம்புயி என்னும் ஊரின் அனாதை இல்லத்தை 1880 முதல் 1894 வரை நடத்திய போல் ரோபான், கைத்தொழில்களில் ஒன்றாக அச்சுக்கோர்ப்பையும் வைத்திருந்தார். அங்கே அச்சு ஒரு தொழிற்பயிற்சியாகவே கருதப்பட்டது. அதை எழுத்துப் பயிற்சியின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் செலெஸ்டின் ஃப்ரெனே (1896–1966). முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டுத் திரும்பிய அவர், 1920இல் தென் பிரான்சின் மலைப்பகுதியில் உள்ள பார்-சூர்-லூ என்னும் சிற்றூரில் ஆசிரியரானார். நீண்ட நேரம் உரக்கப் பேச உடல் இடம் தராததால், ஆசிரியர் பேசிக்கொண்டே இருக்கும் வகுப்புமுறைக்கு மாற்றுத் தேட நேர்ந்ததாக அவர் பிற்காலத்தில் எழுதினார். பிள்ளைகளை வெளியே நடக்க அழைத்துச் சென்றார். நெசவாளரையும் தச்சரையும் வயல்களையும் பார்த்துத் திரும்பிய பிள்ளைகள் பேசுவதைக் கரும்பலகையில் எழுதினார். மறுநாள் அந்தப் பலகை அழிக்கப்பட, பாடப்புத்தகத்தின் உயிரற்ற வாக்கியங்களுக்கே வகுப்பு திரும்பியது. அழியாத வடிவம் வேண்டும் என்பதற்காக 1924இல் ஒரு சிறிய கை அச்சுப்பொறியை வாங்கினார்.

ஃப்ரெனேவின் வகுப்பு நடந்த முறையை விரிவாகப் பார்ப்பது நல்லது. இன்றுவரை உலகில் நல்ல பள்ளி இதழ்கள் ஏதோ ஒரு வடிவில் அதையே பின்பற்றுகின்றன. பிள்ளைகள் தாங்கள் விரும்பியதை, விரும்பிய நேரத்தில் எழுதி வருவார்கள். எழுதியவர் தம் எழுத்தை வகுப்பில் வாசிப்பார். எதை அச்சிடுவது என்பதை வகுப்பு வாக்கெடுத்து முடிவு செய்யும். தேர்ந்த எழுத்து கரும்பலகைக்கு வரும். ‘இங்கே யார் ஓடினார்கள் என்று தெரியவில்லை’, ‘இந்தச் சொல் இரண்டு தடவை வருகிறது’ என்று வகுப்பே சொல்ல, எழுதியவரின் சம்மதத்தோடு வாக்கியங்கள் சீராகும். பிறகு சில பிள்ளைகள் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோர்ப்பார்கள். ஒருவர் மை தடவுவார், ஒருவர் தாள் வைப்பார், ஒருவர் அழுத்துவார். அச்சான தாள்கள் ஒவ்வொரு பிள்ளையிடமும் சேர்ந்து ‘வாழ்க்கைப் புத்தகம்’ ஆகும். அவற்றின் தொகுப்பே பள்ளிச் செய்தித்தாள்.

எழுத்துப்பிழை ஏன் கூடாது என்று அந்த வகுப்பில் யாரும் உபதேசிக்க வேண்டியிருக்கவில்லை. தவறான எழுத்தைக் கோர்த்தால் அத்தனை படிகளிலும் அது நிற்கும் என்று பிள்ளைகளுக்கே தெரியும். சிவப்பு மையால் ஆசிரியர் திருத்தும் நோட்டுப்புத்தகத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். நோட்டுப்புத்தகத்தின் ஒரே வாசகர் ஏற்கெனவே விடை தெரிந்த ஆசிரியர். செய்தித்தாளின் வாசகருக்கு நடந்தது எதுவும் தெரியாது, சொன்னால்தான் தெரியும்.

அந்த வாசகரைத் தேடித் தந்தது பள்ளிகளுக்கிடையிலான அஞ்சல். 1926 முதல் பார்-சூர்-லூ பிள்ளைகளும், பிரான்சின் மறுகோடியில் பிரிட்டனிக் கடற்கரையில் ட்ரெகங்க் பகுதியில் ரெனே தனியேல் என்ற ஆசிரியரிடம் படித்த பிள்ளைகளும் தங்கள் அச்சுத்தாள்களை ஒருவருக்கொருவர் அனுப்பிவந்தனர். மலைப் பிள்ளைகளுக்கு மீன்பிடி படகு செய்தியானது; கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஆலிவ் அறுவடை செய்தியானது. தங்களுக்கு அன்றாடமாக இருப்பது வேறொருவருக்குப் புதுமை என்று கண்ட பிறகு, சொந்த ஊரையே கூர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். பல பள்ளிகளின் எழுத்துகளைத் திரட்டிக் கதிர்க்கட்டு என்ற பொருளில் ‘லா ஜெர்ப்’ என்ற கூட்டிதழும் 1927இல் வந்தது. பிரான்சில் தொடங்கிய இந்த வலை ஸ்பெயின், இத்தாலி, பெல்ஜியம் எனப் பரவியது.

ஸ்பெயினில் அதன் கதை துயரமானது. அந்தோனி பெனாய்ஜஸ் என்ற கத்தலோனிய ஆசிரியர் 1934இல் புர்கோஸ் மாநிலத்தின் பான்யுவேலோஸ் தே புரேபா என்ற ஏழைச் சிற்றூருக்கு வந்தார். சொந்தப் பணத்தில் அச்சுப்பொறி வாங்கினார். கடலைப் பார்த்தே இராத அந்தப் பிள்ளைகள், கடல் எப்படியிருக்கும் என்று தாங்கள் எண்ணியதை எழுதி 1936 ஜனவரியில் ஒரு சிறு நூலாக அச்சிட்டார்கள். கோடை விடுமுறையில் அவர்களைக் கடலுக்கு அழைத்துச் செல்வதாக ஆசிரியர் வாக்களித்திருந்தார். ஜூலையில் உள்நாட்டுப் போர் மூண்டதும் கிளர்ச்சித் தளபதி பிராங்கோவின் ஆதரவாளர்கள் அவரைப் பிடித்துக் கொன்றார்கள். பிள்ளைகளின் அச்சுப் படைப்புகள் எரிக்கப்பட்டன. மறைத்து வைத்திருந்த சில படிகளே எஞ்சின. ஒரு தொடக்கப் பள்ளியின் சிறு தாள்களை ஆயுதம் ஏந்தியவர்கள் பகையாகக் கருதினார்கள் என்பது, குழந்தை தன் சொல்லில் எழுதுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதைக் காட்டும்.

இத்தாலியில் ஃப்ரெனே முறை 1951இல் பள்ளி அச்சகக் கூட்டுறவு ஒன்றாகத் தொடங்கியது. அதில் இணைந்த மாரியோ லோடி (1922–2014), பியாதேனா அருகிலுள்ள வோ என்ற சிற்றூரின் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளோடு சேர்ந்து வகுப்பு இதழ் நடத்தினார். பிள்ளைகள் சன்னல் வழியே பார்த்த குருவிகளிலிருந்து உருவான ‘சிப்பி’ என்ற கதைநூல் இத்தாலியில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்படுகிறது. லோடி 1963இல் டஸ்கனி மலையில் உள்ள பார்பியானாவுக்குச் சென்று, அங்கே பள்ளி நடத்திய பாதிரியார் லொரென்சோ மிலானியைச் சந்தித்தார். அதன்பின் பார்பியானா மாணவர்களும் பியாதேனாப் பிள்ளைகளும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பலர் கூடி ஒரே கடிதத்தை எழுதும் முறை பார்பியானாவில் அந்தக் கடிதப் போக்குவரத்தில்தான் உருப்பெற்றது. 1967இல் வெளிவந்த ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ அந்த முறையில் எழுதப்பட்ட நூல். தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டு ஆசிரியர்களிடையே பரவலாகப் பேசப்பட்ட அந்த நூலுக்குப் பின்னால் ஒரு தொடக்கப் பள்ளி வகுப்பின் அச்சிதழ் மரபும் இருக்கிறது என்பது பலர் கவனிக்காத செய்தி.

இன்னொரு பெரும் மரபு போலந்து. மருத்துவரும் எழுத்தாளருமான யானுஷ் கோர்ச்சாக், வார்சாவில் தாம் நடத்திய அனாதை இல்லத்தில் வாரப் பத்திரிகை ஒன்றை வைத்திருந்தார். வாரந்தோறும் அது குழந்தைகள் கூடியிருக்க உரக்க வாசிக்கப்பட்டது. ஒரு வாரத்தை அடுத்த வாரத்தோடு கோர்ப்பதும், பிள்ளைகளையும் பணியாளர்களையும் ஒரே சமூகமாக்குவதும் பத்திரிகையே என்பது அவர் கருத்து. பள்ளிச் செய்தித்தாளைப் பற்றி 1921இல் தனியே ஒரு சிறு நூலும் எழுதினார். ‘நஷ் ப்ஷெக்லோந்த்’ என்ற நாளிதழின் வெள்ளிக்கிழமை இணைப்பாக 1926 அக்டோபர் 9இல் ‘மாவி ப்ஷெக்லோந்த்’ என்ற குழந்தைகள் செய்தித்தாளையும் தொடங்கினார். நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் கடிதமாக அனுப்பிய செய்திகளே அதன் உள்ளடக்கம். எழுதத் தெரியாதவர் வந்து சொன்னால் எழுதிக்கொள்வோம், கூச்சப்பட வேண்டாம் என்று தொடக்கத்திலேயே அறிவித்தார். 1930 முதல் இகோர் நெவெர்லி அதன் ஆசிரியர். கடைசி இதழ் வந்த நாள் 1939 செப்டம்பர் 1, ஜெர்மனி போலந்தின் மீது படையெடுத்த நாள். கோர்ச்சாக்கும் அவருடைய இல்லத்துக் குழந்தைகளும் 1942இல் ட்ரெப்ளிங்கா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர்.

ஜப்பானில் தொடக்கப் பள்ளி வகுப்புகளில் பிள்ளைகள் வேலைகளைப் பிரித்துக்கொள்ளும்போது செய்தித்தாள் குழு என்று ஒன்று அமைவதும், வகுப்புச் சுவரில் அவர்களுடைய கையெழுத்துச் செய்தித்தாள் தொங்குவதும் இன்றும் காணக்கூடியவை. இந்தியாவில் போபாலிலிருந்து ‘ஏகலவ்யா’ அமைப்பு 1985இல் தொடங்கிய ‘சக்மக்’ என்ற இந்தி இதழ், பிள்ளைகள் எழுதியதற்கும் வரைந்ததற்கும் ‘என் பக்கம்’ என்று பொருள்படும் தனிப் பகுதியை வைத்தது. தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறை 2022இல் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கென ‘ஊஞ்சல்’, அடுத்த வகுப்புகளுக்கென ‘தேன்சிட்டு’ ஆகிய இதழ்களைத் தொடங்கி, மாணவர் படைப்புகளுக்கும் இடம் தந்தது. மாநிலம் முழுமைக்கும் ஒரே இதழ் என்பதால் ஒரு பள்ளியின் சேதி அதில் இடம்பெறுவது அரிது. அந்த இடத்தை நிரப்பக்கூடியது பள்ளியளவிலான சிற்றிதழ்தான். தமிழ் இலக்கிய வரலாற்றில் ஆழ வேரூன்றிய கையெழுத்துப் பத்திரிகை மரபு அதற்கு ஆயத்தமான முன்மாதிரி.

நடைமுறையில் முதல் கேள்வி வயது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளால் பத்தி எழுத முடியாது. ஆனால் அவர்களிடம் செய்தி நிறைய உண்டு. பல் விழுந்தது, ஆடு குட்டி போட்டது, மழையில் வகுப்பறை ஒழுகியது எல்லாமே செய்தி. அவர்கள் சொல்ல, மூத்த பிள்ளையோ ஆசிரியரோ அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். கீழே அவர்கள் படம் வரைவார்கள். மூன்றாம் வகுப்பில் நான்கைந்து வாக்கியச் செய்தி கைகூடும். நான்காம், ஐந்தாம் வகுப்பில் நேர்காணல், புத்தக அறிமுகம், கருத்து எழுதுதல், பக்க அமைப்பு ஆகியவற்றுக்குப் பிள்ளைகள் தயாராகிவிடுகிறார்கள். எல்லா வகுப்பும் ஒரே இதழில் சேர்வது தொடக்கப் பள்ளிக்கு ஏற்றது. ஈராசிரியர் பள்ளிகளில் பல வகுப்புகள் ஒரே அறையில் இருப்பது இந்த வேலைக்கு வசதியே.

அளவு சிறிதாக இருப்பது நல்லது. ஒரு ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு சிறு பக்கங்கள். ஏ3 தாளை மடித்தால் நான்கு ஏ4 பக்கங்கள். மடித்த தாளில் முதல் பக்கமும் நான்காம் பக்கமும் ஒருபுறம் வரும், இரண்டும் மூன்றும் மறுபுறம் வரும். எட்டுப் பக்கமானால் எட்டோடு ஒன்று, இரண்டோடு ஏழு, ஆறோடு மூன்று, நான்கோடு ஐந்து. இந்தக் கணக்கைப் பிள்ளைகளே ஒரு வெற்றுத்தாளை மடித்துப் பக்க எண் போட்டுக் கண்டுபிடிக்க விட வேண்டும். ஒவ்வொரு இணையின் கூட்டுத்தொகையும் ஒன்பது என்று ஒரு பிள்ளை கண்டுகொள்ளும் நேரம் கணித வகுப்புக்குக் கிடைக்கும் நல்ல நேரம். பத்தியின் அகலத்தை அளப்பது, ஒரு வரியில் எத்தனை சொல் அடங்கும் என்று எண்ணுவது, படத்துக்கு எத்தனை சதுர சென்டிமீட்டர் விடுவது என எல்லாமே அளவியல்.

படியெடுக்கும் கருவி காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஃப்ரெனேவின் ஈய எழுத்துகளுக்குப் பின் ஸ்டென்சிலும் மை உருளையும் கொண்ட எளிய கருவிகள் பள்ளிகளில் பரவின. நம் பள்ளிகள் பல ஆண்டுகள் வினாத்தாளுக்குப் பயன்படுத்திய சைக்ளோஸ்டைல் அதே குடும்பம். இன்று ஊருக்கு ஊர் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கணினியில் தட்டச்சு செய்வதில் தவறில்லை, ஆனால் பெரும்பாலும் பெரியவர் ஒருவரே உட்கார்ந்து எல்லாவற்றையும் அடித்துவிடுகிறார். பிள்ளைகள் கைகட்டிப் பார்க்கிறார்கள். பிள்ளைகளின் கையெழுத்தையே கறுப்பு மையில் தெளிவாக எழுதவைத்து ஜெராக்ஸ் எடுப்பது தொடக்கப் பள்ளிக்கு மிகப் பொருத்தமான வழி. வீட்டில் தாயும் தகப்பனும் அந்தக் கையெழுத்தை அடையாளம் காண்பார்கள். படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிள்ளையே வாசித்துக் காட்டுவார்.

மாதம் ஓர் இதழ் என்பது பெரும்பாலான பள்ளிகளால் தாங்கக்கூடிய வேகம். முதல் வாரம் செய்திக் கூட்டம்: யாரிடம் என்ன சேதி இருக்கிறது, அதில் எது மற்றவர்களுக்கும் தெரிய வேண்டியது, யார் போய்க் கேட்பது என்று பிள்ளைகள் பேசி முடிவெடுக்கிறார்கள். இரண்டாம் வாரம் சேகரிப்பு, மூன்றாம் வாரம் எழுதலும் திருத்தலும், நான்காம் வாரம் பக்க அமைப்பும் படியும். வேகத்தைவிட முக்கியம், அறிவித்த நாளில் இதழ் வருவது. இரண்டு பக்கமாகக் குறைந்தாலும் பரவாயில்லை. நாள் தவறினால் வாசகரின் எதிர்பார்ப்பு போய்விடும், அதோடு எழுதுபவரின் ஆர்வமும் போகும்.

செய்தி சேகரிப்பில் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டியவை சில. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளும் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றைவிட அரிது, பதிலைக் கேட்டபின் அதிலிருந்து அடுத்த கேள்வியைப் பிடிப்பது. சத்துணவு அமைப்பாளரிடம் போகும் பிள்ளை ‘இன்று என்ன சமையல்?’ என்று கேட்டு எழுதிவந்தால் அது பட்டியல். ‘எத்தனை மணிக்கு அடுப்பு பற்றவைப்பீர்கள், எத்தனை பேருக்கு எத்தனை கிலோ அரிசி, மீந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டுவந்தால், தினம் சாப்பிடும் சோற்றைப் பற்றிப் பள்ளிக்கே தெரியாத செய்தி கிடைக்கும். பெயரை அவரவர் கையாலேயே நோட்டில் எழுதி வாங்க வேண்டும், இனிஷியல் உட்பட. எண்ணிக்கை எதுவானாலும் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒருவர் கண்டதையும் ஒருவர் கேள்விப்பட்டதையும் பிரித்து எழுத வேண்டும். முந்தைய இதழில் தவறு வந்திருந்தால் அடுத்த இதழின் முதல் பக்கத்திலேயே ‘திருத்தம்’ போட வேண்டும். ஒன்பது வயதில் இதைச் செய்து பழகியவர், பின்னாளில் கைபேசியில் வரும் வதந்தியை அப்படியே நம்பமாட்டார் என்று எதிர்பார்க்க நியாயம் உண்டு. பிரான்சு அரசு 1983இல் ஊடகக் கல்விக்கென ‘க்ளெமி’ என்ற மையத்தை நிறுவி, பள்ளி இதழ்களை ஊக்குவிப்பதையும் அதன் பணியாக்கியது இந்த நம்பிக்கையில்தான்.

மொழித் திருத்தம் தமிழில் தனிச் சிக்கல். பிள்ளை பேசும் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் இடையில் இடைவெளி பெரிது. ‘எங்க தெரு கொழாய்ல மூணு நாளா தண்ணி வரல’ என்று ஒரு சிறுமி எழுதிவருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘எமது வீதியில் கடந்த மூன்று தினங்களாகக் குடிநீர் விநியோகம் தடைபட்டுள்ளது’ என்று ஆசிரியர் மாற்றினால் இலக்கணம் சரி, குழந்தை காணாமல் போனாள். ‘எங்கள் தெருக் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை’ என்று எழுதலாம்; சொல்வரிசை அவளுடையது, எழுத்து வடிவம் எல்லோருக்கும் பொதுவானது. ஒருவர் பேசியதை மேற்கோள் குறிக்குள் போடும்போது பேச்சுத் தமிழை அப்படியே விடலாம், விடவும் வேண்டும். வட்டார வழக்கும் அங்கே இயல்பாக இடம்பெறும். திருத்தம் எழுதியவரின் கண்முன்னே, அவர் காரணம் புரிந்து ஒப்புக்கொண்டபின் நடக்க வேண்டும். பிள்ளைக்குத் தெரியாமல் இரவோடிரவாக ஆசிரியர் அழகுபடுத்திய இதழ் பார்வைக்கு நன்றாயிருக்கும். எழுதியவருக்கு அதில் பெருமைப்பட எதுவும் இருக்காது.

கடைசிச் சொல் யாருடையது என்பதே இந்தப் பொருளில் மிகக் கடினமான கேள்வி. ஃப்ரெனே 1928இல் சேன்-போல் என்ற ஊருக்கு மாறிய பிறகு நடந்தது இதற்குச் சான்று. வகுப்பில் ஒரு சிறுவன் கண்ட கனவை எழுதினான்; பள்ளிக்குரிய பொருள்களைத் தர மறுத்த ஊர்த் தலைவரை வகுப்பே எதிர்த்தெழுந்ததாகவும் தானே அவரைக் கொன்றதாகவும் அந்தக் கனவு. அது வகுப்பில் அச்சாகியிருந்தது. 1932 டிசம்பரில் ஃப்ரெனேவின் எதிரிகள் அந்தக் கனவைச் சுவரொட்டியாக்கி ஊர் முழுக்க ஒட்டினார்கள். பிள்ளைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினர் அவருக்கு ஆதரவாக நின்றும், மாதக்கணக்கில் நீடித்த போராட்டத்தின் முடிவில் 1933இல் அவர் அங்கிருந்து மாற்றப்பட்டார். அரசுப் பள்ளியை விட்டு விலகி, 1935இல் வான்ஸ் நகருக்கருகே சொந்தப் பள்ளியைத் திறந்தார். குழந்தை கனவை எழுதியது குற்றமில்லை, வகுப்பு அதை வாசித்ததும் குற்றமில்லை. ஊருக்குள் போகும் தாளில் ஒரு மனிதரைக் கொல்லும் கனவு அவர் பதவியோடு வருவது வேறு விஷயம். வகுப்புக்குள் எழுதுவதற்கும் வெளியே அச்சிடுவதற்கும் இடையில் ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலில் ஆசிரியர் நிற்க வேண்டும்.

சட்டங்களும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988இல் ஹேசல்வுட் வழக்கில், கல்வி சார்ந்த நியாயமான காரணம் இருந்தால் பள்ளியின் பெயரில் வரும் மாணவர் இதழைப் பள்ளி நிர்வாகம் கட்டுப்படுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. அது மேனிலைப் பள்ளி இதழ் பற்றிய வழக்கு. சிறுவர் பள்ளிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் எளிதாகப் பொருந்தும். பிரான்சில் 1991 முதல் மேனிலைப் பள்ளி மாணவர்கள் தம் பொறுப்பில் இதழ் வெளியிடலாம்; தொடக்கப் பள்ளியில் பொறுப்பு பெரியவர்களுடையது. மறுபுறம், 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, செய்திகளைத் தேடவும் பெறவும் பரப்பவும் குழந்தைக்குள்ள உரிமையை, பிறர் உரிமைகளையும் நற்பெயரையும் மதிக்கும் வரம்போடு, உறுதிசெய்கிறது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது.

ஆகவே நிறுத்திவைக்கும் அதிகாரம் ஆசிரியருக்கு உண்டு. அதை எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதில்தான் இதழின் தரம் தெரியும். ஒருவர் குடும்பத்தின் கடன், தகப்பனின் குடி, ஒரு பிள்ளைக்குக் கிடைத்த தண்டனை, மதிப்பெண் பட்டியல், சாதி அடையாளம் ஆகியவற்றை நிறுத்துவது குழந்தையைக் காப்பது. கழிப்பறையில் தண்ணீர் இல்லை, விளையாட்டு நேரத்தில் கணக்குப் பாடம் நடக்கிறது, பள்ளி வாசலில் லாரிகள் வேகமாகப் போகின்றன என்ற செய்திகளை நிறுத்துவது பள்ளியின் முகத்தைக் காப்பது. முதலாவது கடமை, இரண்டாவது அநீதி. குறைகூறும் செய்தி என்றால், பொறுப்பில் உள்ளவரின் பதிலையும் கேட்டு அதே இடத்தில் போட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தால் போதும். தலைமையாசிரியர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பள்ளியில் குழாய் பெரும்பாலும் சீக்கிரமே சரியாகும்.

இணையத்தில் ஏற்றும்போது எச்சரிக்கை கூட வேண்டும். ஊருக்குள் நூறு படி போகும் தாளில் ஒரு குழந்தையின் முழுப்பெயரும் படமும் வருவது ஒன்று, உலகம் முழுக்க என்றைக்கும் தேடக்கூடியதாக இருப்பது இன்னொன்று. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தையாகக் கொண்டு, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. தொடக்கப் பள்ளி இதழுக்குத் தாளே போதும். வாட்ஸ்அப் குழுவில் போட்டே ஆக வேண்டுமென்றால் முதற்பெயர் மட்டும், முகமில்லாத படங்கள் என்ற கட்டுப்பாடு பாதுகாப்பானது.

இதழ்கள் நின்றுபோகும் காரணங்கள் எங்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன. நன்றாக எழுதும் மூன்று நான்கு பிள்ளைகளே ஒவ்வொரு இதழையும் நிரப்புவார்கள், மற்றவர்கள் விலகிவிடுவார்கள். ஆசிரியர் பொறுப்புகளைச் சுழற்சியில் மாற்றுவதும், எழுத்துக் கூச்சமுள்ள பிள்ளைக்குப் படம், கணக்கு, விநியோகம், விடுகதை சேகரிப்பு போன்ற வேலைகளில் பெயரோடு இடம் தருவதும் இதற்கு மருந்து. விழாச் செய்திகளும் விருந்தினர் படங்களும் பக்கங்களை விழுங்குவது இரண்டாவது காரணம். நன்கொடை தந்தவரின் படத்தைப் போட வேண்டிய நிலை வராமலிருக்க, செலவைப் படிக்குச் சிறு காசாகப் பிரித்துக்கொள்வதோ பள்ளி மேலாண்மைக் குழு ஏற்பதோ மேல். மூன்றாவது, ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரையே முழுதும் சார்ந்திருப்பது. அவர் மாறுதலாகிப் போனால் இதழும் போய்விடும். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பாரிடம் வேலை பழகி அடுத்த ஆண்டு பொறுப்பேற்கும் ஏற்பாடு இருந்தால் இதழ் ஆசிரியரைத் தாண்டியும் நிற்கும்.

இறுதியாக, படிகளைப் பாதுகாப்பது. பள்ளியின் பதிவேடுகள் எத்தனை பேர் படித்தார்கள் என்று சொல்லும். அந்த ஆண்டு மழை எப்போது வந்தது, பிள்ளைகள் என்ன விளையாடினார்கள், எந்தப் பாட்டி எந்த விடுகதை போட்டார் என்பதைச் சொல்லாது. ஒவ்வொரு இதழிலும் இரண்டு படிகளைத் தேதியிட்டுத் தைத்துப் பள்ளி நூலகத்திலும், ஒரு படியை ஊர்ப்புற நூலகத்திலும் வைக்க ஆகும் செலவு அற்பம். தொடங்க விரும்பும் ஆசிரியர்கள் முதல் இதழிலிருந்தே இதைச் செய்துவிட வேண்டும்.